தேவி கவசம் யாரைக் காக்கிறது?

(ஆலய பரிபாலன சபை உறுப்பினர், ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர்)

உலகம் முழுவதையும் ஈன்று புரக்கும் அம்பாளின் சந்நிதியில் நாம் வைக்கும் வேண்டுதல்கள் பல. பிள்ளைக்குக் கல்வி கேட்கிறோம், பெண்ணுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கேட்கிறோம், இப்பொழுது விசாவும் கேட்கிறோம். ஆயினும் இவை எல்லாவற்றுக்கும் அடியிலே கிடப்பது ஒரே வேண்டுதல்தான். “அம்மா, காப்பாற்று” என்பதே அது. எமது தலைமுறையைச் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பங்கருக்குள் இருந்து அந்தச் சொல்லைச் சொல்லாதவர் எமது ஊரில் எவருமில்லை.

அவ்வாறு காப்பு வேண்டி ஓதப்படும் வடமொழி மந்திரங்களுள் எமது ஆலயத்தில் நெடுங்காலமாக வழக்கிலிருப்பது தேவி கவசம். இது தேவி மகாத்மியத்தைப் பாராயணம் செய்யுமுன் ஓதப்படும் கவசம், அர்க்கலம், கீலகம் என்ற மூன்று அங்கங்களில் முதலாவது. தேவி மகாத்மியம் மார்க்கண்டேய புராணத்தில் உள்ளது. 13 அத்தியாயங்களைக் கொண்டது. 700 மந்திரங்கள் எனக் கணக்கிடப்படுவதால் சப்தசதி என்றும் பெயர் பெறும். நவராத்திரி ஒன்பது நாளும் எமது குருக்கள் ஐயா அதனைப் பாராயணம் செய்வதைக் கேட்டிருப்பீர்கள். கவசத்தை மட்டும் அடியார்கள் தாமும் ஓதும் வழக்கம் இங்கே உண்டு. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் ஒரு வாத்தியார். அவரைப் பற்றியும், அவரால் என் மனதில் ஏற்பட்ட ஒரு கேள்வியைப் பற்றியுமே இந்தக் கட்டுரை. மலரில் எழுதலாமா என்று பல வருடங்கள் யோசித்த விடயம் இது.

கவசம் என்றால் போரிலே உடலைக் காக்க அணியும் சட்டை. கந்தர் சஷ்டி கவசத்தை ஓதுபவர்களுக்கு இதன் அமைப்பு நன்கு விளங்கும். முதலில் திசைகளுக்குக் காவல். கிழக்கே ஐந்திரி, தெற்கே வாராகி என்று ஒவ்வொரு திசைக்கும் ஒரு சக்தி. பின்னர் உச்சி தொடங்கி நெற்றி, புருவம், கண், மூக்கு, செவி, நா, கழுத்து, தோள் என்று உள்ளங்கால் வரைக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் தேவியின் ஒவ்வொரு பெயர். உடலோடும் நின்றுவிடவில்லை. குலத்தை இந்திராணி காக்கவேண்டும், பசுக்களைச் சண்டிகை காக்கவேண்டும், பிள்ளைகளை மகாலட்சுமி காக்கவேண்டும், போகும் வழியையும் காக்கவேண்டும் என்று விரிகிறது. இறுதியில், கவசத்திற் சொல்லாமல் விடுபட்ட இடம் ஏதும் இருந்தால் அதனையும் நீயே காத்தருள் என்றொரு வேண்டுதல் வருகிறது. பட்டியல் தயாரித்தே காலம் கழித்த எனக்கு இந்த இடம் எப்பொழுதும் பிடிக்கும். எவ்வளவு கவனமாக எழுதினாலும் ஒன்று விடுபடும் என்பதை அறிந்தவர் செய்த நூல் இது.

எமது வாத்தியார் வெள்ளிக்கிழமைகளில் மாலைப் பூசை முடிந்த பின் தெற்கு வீதி மடத்தில் இளைஞர்களை இருத்தி இதனைச் சொல்லிக் கொடுப்பார். நானும் அதிலே ஒருவன். தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகமே எம்மிடம் இருந்தது. வடமொழியில் ககரம் நான்கு, சகரம் நான்கு, தமிழில் ஒவ்வொன்றுதான். எழுத்தின் மேலே 2, 3, 4 என்று இலக்கம் போட்டிருப்பார்கள். அந்த இலக்கங்களைக் கவனியாமல் படித்தால் வாத்தியாருக்குக் கோபம் வரும். தாம் கிரந்த எழுத்துப் பழகியவர். ஒரு எழுத்துப் பிழைக்காமல் அவர் ஓதுவதைக் கேட்டால் கோயில் மணி ஓய்ந்த பின் வரும் நாதம் போல இருக்கும். நாள் தவறாமல் காலையிலும் மாலையிலும் ஓதினார்.

1992 ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோயிலில் கவசம் ஓதி முடித்துத் திருநீறும் குங்குமமும் பூவும் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில், எங்கள் ஒழுங்கை முகப்பில் விழுந்த ஷெல்லினால் அவர் இறந்தார். முதலில் ஓடிப்போனவர்களில் நானும் ஒருவன். அதற்குமேல் இங்கே எழுதத் தேவையில்லை.

மூன்று வருடங்களின் பின் 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. அன்றிரவு மழை. நாங்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு, இரண்டு உரப்பைகளில் உடுப்பையும் காணி உறுதிகளையும் கட்டிக்கொண்டு, சைக்கிளின் பின்கரியரில் அம்மாவை இருத்தி, நான்கு வயது மகளை முன்பாரில் இருத்தித் தென்மராட்சியை நோக்கி உருட்டினோம். செம்மணி வெளியில் ஒரு அடி வைக்கப் பத்து நிமிடம். அம்மா கவசம் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மாவுக்கு வடமொழி தெரியாது, புத்தகமும் படித்தவரல்லர். வாத்தியார் மடத்தில் ஓதும்போது மாலை கட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியது. எழுத்துகள் பாதிக்குமேல் பிழை. இடையிடையே மறந்த இடங்களில் “காக்க காக்க” என்று கந்தர் சஷ்டி கவசம் வந்து கலந்துவிடும்.

அதற்கு முன்பும் பங்கருக்குள் அம்மா இப்படித்தான் செய்வார். ஜாம் போத்தல் விளக்கையும் அணைத்துவிட்டு, மகளை மடியில் இருத்தி, உச்சி என்று வரும்போது உச்சியைத் தொடுவார், நெற்றி என்று வரும்போது நெற்றியை. காது, தோள், முழங்கை, விரல் என்று கை இறங்கும். பொம்மர் சுற்றும் சத்தத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை முழங்கால் வருவதற்குள் நித்திரையாகிவிடும். மந்திர சாஸ்திரத்தில் இதற்கு நியாசம் என்று பெயர் உண்டென்பது எனக்குப் பின்னாளிலேதான் தெரியவந்தது. அம்மாவுக்கு அதுவும் தெரியாது.

நாங்கள் தப்பினோம். 1996 இல் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை, ஆனால் எங்கள் குடும்பத்தில் ஓர் உயிருக்கும் சேதமில்லை. அம்மா 2001 இல் தமது வயது போய்ச் சுகமாகவே அம்பாள் திருவடி சேர்ந்தார்.

இனித்தான் நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும். 2003 ஆம் ஆண்டு, சமாதான காலம். நவராத்திரியின் ஏழாம் நாள் எமது ஆலயத்தில் என்னைப் பேசும்படி கேட்டார்கள். தேவி கவசத்தின் மகிமை என்பது பொருள். பேச்சுக்கு ஒரு சுவை வேண்டுமே என்று என் குடும்பக் கதையையே சொன்னேன். அம்மா ஓதியதைச் சொன்னேன், செம்மணியைச் சொன்னேன். ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்க எனக்கே உற்சாகம் ஏறி, “இந்தக் கவசத்தை நம்பி ஓதிய எவரையும் அம்பாள் கைவிட்டதில்லை” என்று முடித்தேன். நல்ல பேச்சு என்று பலரும் சொன்னார்கள்.

பிரசாதம் கொடுக்கும்போது வாத்தியாரின் மனைவி என் முன்னே வந்தார். மாமி என்றுதான் நாங்கள் அழைப்பது. கோபமாக அல்ல, கடையில் விலை கேட்பது போல மெதுவாகக் கேட்டார். “தம்பி, நல்லாத்தான் பேசினீர். அவர் எந்த எழுத்தைப் பிழையாச் சொன்னவர் எண்டு உமக்குத் தெரியுமோ?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. சுண்டலை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். வாத்தியாரின் மனைவி அந்தக் கூட்டத்தில் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்தார் என்பது நான் பேசும்போது என் கண்ணுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் மனதில் படவில்லை.

அதன்பின் இந்தக் கேள்விக்கு விடை தேடி, எனக்குத் தெரிந்தவர்களையும் தெரிந்த நூல்களையும் நாடினேன். பெரும்பாலும் மூன்று விடைகள் கிடைத்தன.

முதலாவது உச்சரிப்பு. மந்திரத்தில் ஒலி பிழைத்தால் பலன் மாறும் என்பதற்குத் துவட்டாவின் கதையைச் சொல்வார்கள். தன் மகனைக் கொன்ற இந்திரனைக் கொல்லவல்ல ஒருவனை வேண்டித் துவட்டா வேள்வி செய்தான். சொல் சரி, அதன் ஸ்வரம் பிழைத்தது. இந்திரனைக் கொல்பவன் என்ற பொருள் இந்திரனாற் கொல்லப்படுபவன் என்று மாறியது. பிறந்த விருத்திரன் இந்திரனாலேயே மாண்டான். வேத மந்திரத்துக்கு இது பொருந்தும். ஆனால் கவசம் புராண வழிவந்த சுலோகம். வேதத்துக்குரிய ஏற்ற இறக்க ஸ்வரம் அதற்கு இல்லை. மேலும் துவட்டா கேட்டது கொலை, காப்பு அல்ல. நாம் செய்யும் ஒவ்வொரு பூசையின் முடிவிலும் எழுத்தும் சொல்லும் மாத்திரையும் குறைந்திருந்தால் பொறுத்தருளும்படி குருக்கள் ஐயா விண்ணப்பிக்கிறார். பிழை வரும் என்று அறிந்தே பூசை விதி செய்யப்பட்டிருக்கிறது. ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் தேவி அபராத க்ஷமாபண ஸ்தோத்திரம் முழுவதும் மந்திரம் அறியாத ஒருவனின் முறையீடே. எல்லாவற்றுக்கும் மேலாக, பிழையாக ஓதிய என் அம்மா தப்பினார். பிழையின்றி ஓதிய வாத்தியார் தப்பவில்லை. உச்சரிப்புக் கணக்கு எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே பொய்த்துவிட்டது.

இரண்டாவது வினை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுக்கிறது. உடலெடுத்ததற்குக் காரணமான பிராரத்தத்தை அனுபவித்தே தீரவேண்டும். இதனை நான் மறுக்கவில்லை. சைவன் மறுக்க முடியாது. ஆனால் இதனை யார், யாரைப் பார்த்துச் சொல்வது? எனக்கு வந்த துன்பத்துக்கு என் வினை என்று நான் சொன்னால் அது அடக்கம். அயலவருக்கு வந்த துன்பத்துக்கு அவர் வினை என்று நான் சொன்னால் அது வேறு. முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கோவைகளில் குறிப்பெழுதியவன் நான். அடுத்த மேசைக்காரரின் கோவையைத் திறந்து அபிப்பிராயம் எழுத எனக்கு ஒருநாளும் அதிகாரம் இருந்ததில்லை. அம்பாளின் கந்தோரில் மாத்திரம் எப்படி வந்தது?

1995 ஜூலை 9 இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களும் செபம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். பௌத்தர்கள் பிரித் ஓதிக் கையிலே நூல் கட்டுகிறார்கள். பயம் வந்தால் ஓதாத சமயம் உலகில் இல்லை. ஓதியும் இறந்தவர்கள் இல்லாத சமயமும் இல்லை.

மூன்றாவது, பலசுருதி. இதை ஓதுபவன் அகால மரணமின்றி நூறாண்டு வாழ்வான் என்று கவசத்தின் முடிவிலே சொல்லியிருக்கிறதே என்று நான் கேட்டேன். அது கசப்பு மருந்து குடிக்கும் பிள்ளைக்குத் தாய் காட்டும் சர்க்கரை, ஓத வைப்பதற்காகச் சொல்லப்பட்டது என்று ஒரு பெரியவர் விளக்கினார். கற்றவர்கள் கூறும் விளக்கந்தான். எனக்கு இன்றுவரை முழுத் திருப்தி இல்லை. நூறாண்டு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாத்தியாரின் 58 வயதை நினைக்காமல் என்னால் அந்தச் சுலோகத்தைக் கடக்க முடிவதில்லை. இதை ஒளிப்பதில் பயனில்லை.

விடை தேடியபோது ஒரு நன்மை விளைந்தது. தேவி மகாத்மியத்தை முதன்முறையாகப் பொருளோடு படித்தேன். அது யாருக்குச் சொல்லப்பட்டது தெரியுமா? இடம்பெயர்ந்த இருவருக்கு. சுரதன் என்ற அரசன் பகைவரிடம் நாட்டை இழந்து, வேட்டைக்குப் போவதுபோலத் தனியே குதிரையேறிக் காட்டுக்கு வருகிறான். சமாதி என்ற வணிகன், பொருளாசை கொண்ட சொந்த மனைவி மக்களாலேயே துரத்தப்பட்டு வருகிறான். இருவரும் மேதஸ் முனிவரின் ஆசிரமத்தில் சந்திக்கிறார்கள். அரசனுக்கு, விட்டுவந்த யானைக்கு யார் தீனி போடுவார்கள் என்ற கவலை. வணிகனுக்கு, துரத்திய பிள்ளைகள் சுகமோ என்ற கவலை. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் படுத்துக்கொண்டு அவிழ்த்துவிட்ட மாட்டுக்குத் தண்ணீர் வைப்பது யார் என்று அழுத எமக்கு இந்தக் கதை விளங்காமல் போகுமா? முனிவர் சொன்ன தேவியின் சரித்திரத்தைக் கேட்டு இருவரும் ஆற்றங்கரையிலே மண்ணால் தேவியின் உருவம் செய்து மூன்று வருடம் வழிபட்டார்கள். அரசன் இழந்த நாட்டைக் கேட்டான், கிடைத்தது. வணிகன் நான், எனது என்னும் பற்றை அறுக்கும் ஞானத்தைக் கேட்டான், அதுவும் கிடைத்தது. ஒரே வழிபாடு, இரண்டு வரம். ஒருவனை உயர்த்தி மற்றவனைத் தாழ்த்தித் தேவி எதுவும் சொல்லவில்லை.

கவசத்தின் தொடக்கத்தையும் அப்போதுதான் கவனித்தேன். மனிதர்களுக்கு எல்லாக் காப்பும் தரவல்ல இரகசியம் ஒன்றைக் கூறும்படி பிரமதேவரிடம் கேட்பவர் மார்க்கண்டேயர். திருக்கடவூரிலே காலனைச் சிவபெருமான் உதைத்தது இவருக்காகத்தான். என்றும் பதினாறாக இருக்கும் வரம் பெற்றவருக்குக் கவசம் எதற்கு? தமக்காகக் கேட்டிருக்க முடியாது. பிரமதேவரும் எல்லா உயிர்களுக்கும் உபகாரமானது என்று சொல்லியே கவசத்தைத் தொடங்குகிறார். இத்தனை வருடம் ஓதியும் இதனை நான் கண்டதில்லை. “என் தலை, என் கண், என் பிள்ளை” என்று வரும் இடங்களிலேதான் என் கவனம் முழுவதும் இருந்திருக்கிறது.

பிழையில்லாமல் படிவம் நிரப்பி, முத்திரை ஒட்டி, உரிய கருமபீடத்தில் கொடுத்துவிட்டால் வேலை நடந்தே ஆகவேண்டும் என்பது கந்தோர்ப் புத்தி. மந்திரத்தையும் நான் அவ்வாறே எண்ணியிருந்தேன். நடந்தால் என் படிவம் சரி. மற்றவருக்கு நடக்காவிட்டால் அவர் படிவம் பிழை. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் படிவம் ஏது? தெல்லிப்பழை துர்க்கையம்மன் ஆலயத்தை வளர்த்த சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925 - 2008), துர்க்கையின் பெயராலே ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்து நடத்தினார். அங்கே வளர்ந்த பிள்ளைகளிடம் துர்க்கை காப்பாளா என்று கேட்டால் அவர்கள் பலசுருதியைப் புரட்டிப் பார்த்து விடை சொல்லமாட்டார்கள்.

இனி மாமியிடம் வருகிறேன். கணவர் இறந்த அடுத்த வெள்ளிக்கிழமையே மாமி மடத்தில் வந்திருந்து கவசம் ஓதியதாக அம்மா முன்பு சொல்லியிருந்தார். துடக்குக் காலம் என்பதால் மடத்து வெளித்திண்ணையில் இருந்து ஓதினாராம். அன்று தொடங்கியது ஒரு வெள்ளியும் நிற்கவில்லை. தென்மராட்சியில் மாமரத்தின் கீழும் ஓதியிருக்கிறார். 2011 இல் ஒருநாள், துணிவை வரவழைத்துக்கொண்டு, 2003 இல் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். மாமி சிரித்தார். “அதை இன்னும் வைச்சிருக்கிறீரோ” என்றார். பின்னர் நான் கேட்டேன், “அவரைக் காக்காத கவசத்தை நீங்கள் ஏன் மாமி விடாமல் ஓதுறியள்?”

மாமி சிறிது நேரம் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். “எனக்கு இனிக் காக்க என்ன கிடக்குது, தம்பி. நான் எனக்கு ஓதுறேல்லை. உச்சி எண்டு வரேக்கை ஒழுங்கை முகப்பு வீட்டை நினைப்பன். நெத்திக்கு அடுத்த வீடு. கண் ரெண்டுக்கும் அந்த ரெட்டைப் பிள்ளையள். அப்பிடியே கால் வரேக்கை குளத்தடி வந்திடும். உங்கடை வீடு வலது தோள். பூட்டிக்கிடக்கிற வீடுகளையும் விடுறேல்லை, அதுகள் கனடாவிலை என்ன பாடோ.” பின்னர், “அவர் சொல்லித்தந்ததை நிப்பாட்டினால் அவர் செத்தது ரெண்டாந்தரம்” என்றார்.

1995 ஒக்ரோபரிலே, செம்மணியில் என் அம்மா பிழை பிழையாக ஓதிக்கொண்டு வந்த அதே இரவில், மூன்று வருடத்துக்கு முன் கணவனை இழந்த ஒருத்தி அதே சனத்துக்குள் எங்கோ நடந்தபடி வலது தோள் என்று வரும்போது எங்களை நினைத்திருக்கிறாள். நாங்கள் தப்பியது எவருடைய ஓதலால் என்று இப்போது நான் எந்த மேடையில் ஏறிச் சொல்வது?

அவர் ஏன் இறந்தார் என்ற கேள்விக்கு மாமியும் விடை சொல்லவில்லை. கேட்கவும் நான் போகவில்லை. மாமி 2018 ஆம் ஆண்டு பங்குனி மாதம் சிவபதமடைந்தார். அதன்பின் சில மாதங்கள் வெள்ளிக்கிழமைகளில் மடம் வெறுமையாகக் கிடந்தது. பின்னர் நானும் இன்னும் இருவருமாக ஆரம்பித்தோம். மாமியின் முறையைப் பின்பற்ற முயன்றேன். சொல்ல எளிது, செய்வது கடினம். இடது முழங்கைக்கு வரும்போது, எல்லை வேலி தொடர்பாகப் பதினொரு வருடமாக நான் பேசாமலிருக்கும் ஒருவரின் வீடு வருகிறது. பல வெள்ளிக்கிழமைகளில் அந்த இடத்தில் நாக்கு ஓடிவிட்டது, மனம் ஓடவில்லை. கவசத்தில் விடுபட்ட இடத்தையும் காத்தருள் என்று வருமிடத்திலே அவரைச் சேர்த்துக்கொண்டு ஒருவாறு சமாளித்து வருகிறேன்.

வெள்ளிதோறும் மாலைப் பூசை நிறைவுற்றதும் தெற்கு வீதி மடத்தில் கவசம் ஓதப்படுகிறது. தமிழ் எழுத்தில் பெரிய அச்சில், பொருளோடு, இருபது பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறோம். எழுத்துக்கு மேலுள்ள 2, 3, 4 இலக்கங்களை எப்படிச் சொல்வதென்று வருபவர்களுக்கு நான் காட்டித் தருவேன். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.